பிடுங்கிய களையை வீசாதீர்கள்

ஐப்பசி மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், பாத்தியில் கத்தரிக்கு முன்னால் சாரணையும் துத்தியும் குப்பைமேனியும் தலைதூக்கிவிடும். வயல்காரர் பிடுங்கி வரப்பில் போடுகிறார். மாடித்தோட்டம் வைத்திருப்பவரோ குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுகிறார். அந்தச் செடிகள் தின்று வளர்ந்தது நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தொழுவுரத்தை. அதை மண்ணுக்கே திருப்பித் தருவதுதான் முறை.

எருக்கு, ஆவாரை, கொளிஞ்சி, புங்கந்தழை என்று வெட்டி வந்து சேற்றில் மிதித்து நெல் நட்டவர்கள் நம் விவசாயிகள். தொட்டிச் செடிக்குச் சேறடிக்க வழியில்லை. அங்கே கைகொடுப்பது களைக் கரைசல்.

மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். வேர்மண்ணை உதறிவிட்டுக் களையைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, தழை மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தழை கூழாகித் தண்ணீர் கரும்பழுப்பாக மாறும். நாற்றம் குடலைப் பிடுங்கும். காற்றில்லாமல் அழுகும் எதுவும் அப்படித்தான் நாறும், கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிட வேண்டாம். கொசுவுக்குத்தான் அஞ்ச வேண்டும். வாளியின் வாயில் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் மூடி போடுங்கள்.

வெல்லம், தயிர், பழம் என்று கண்டதையும் சேர்க்கச் சொல்கிறார்கள். என் கருத்தில் அவை வேண்டாத செலவு. இலையின் சாற்றிலேயே கரைந்திருக்கும் சாம்பல் சத்து வெறும் தண்ணீரிலேயே எளிதில் இறங்கிவிடும். தழைச்சத்தும் ஓரளவு வரும். மணிச்சத்து குறைவுதான். ஆகவே இதை நம்பி மட்கிய உரத்தை நிறுத்திவிடக் கூடாது.

வடிகட்டிய கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. நாற்றுகளுக்கு இருபது பங்கு. ஈர மண்ணில், வேரடியில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். கூடிப்போனால் செடி இலையாகவே தழைத்து அசுவினியை அழைத்துவரும். கீரையின் இலைமேல் தெளிக்கவே வேண்டாம்.

களைக்கொல்லி அடித்த இடத்துச் செடியைத் தொடாதீர்கள். பார்த்தீனியம் தோலில் அரிப்பை உண்டாக்கும், அதையும் விட்டுவிடுங்கள். கோரையிலும் அருகம்புல்லிலும் மேல்தழையை மட்டும் அறுத்துப் போடுங்கள். கிழங்கும் வேரும் வாளிக்குள் போக வேண்டாம். எந்தக் களையானாலும் பூத்து விதை கட்டுவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.