கணக்குக்கும் வந்தது அச்சு!

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம், பீங்கான் பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர்.

அச்சில் பொம்மை செய்யும் விதம் வேடிக்கையானது. களிமண்ணைக் கூழாகக் கரைப்பார்கள். அதைப் 'பாரிஸ் சாந்து' அச்சில் ஊற்றுவார்கள். அச்சு, தண்ணீரை உறிஞ்சும். மண், உள்ளே ஏடாகப் படியும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால், பொம்மை வந்துவிடும். பிறகு, காயவைத்துச் சூளையில் சுடவேண்டியதுதான்.

அச்சு செய்யத்தான் சிற்பி வேண்டும். ஊற்றுவதற்குச் சிற்பி வேண்டாம்!

இதே வித்தை, கம்ப்யூட்டருக்கும் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் தமிழர்களும் உண்டு.

மூன்று தொல்லை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது, 1995 ஆகஸ்டு 15-ந்தேதி.

அந்தக் காலத்தில், ஒரு வியாபாரி தன் சரக்குக் கணக்கை இன்டர்நெட்டில் வைக்க விரும்பினால் என்ன ஆகும்?

புரோகிராம் எழுத நிபுணர் வேண்டும். கணக்கைச் சேர்த்து வைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டரும் வேண்டும். சிறு வியாபாரிக்குக் கட்டுப்படி ஆகுமா? ஆகாது!

அச்சு பிறந்தது

ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள், டோனி தாமஸ் ஆகியோர் 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2006-ல் அந்தக் கம்பெனி 'ஜோஹோ கிரியேட்டர்' என்ற அச்சை வெளியிட்டது. 2009-ல் கம்பெனியின் பெயரே 'ஜோஹோ' என்று மாறியது.

இதில் புரோகிராமை முதலில் இருந்து எழுதவேண்டியது இல்லை. சரக்கின் பெயர், எண்ணிக்கை, விலை என்று கட்டங்களை இழுத்து வைத்தால், படிவம் தயார். அதில் நிரப்புவதெல்லாம் பேரேடுபோலத் தானே சேரும்.

"அகல் விளக்கு நூறுக்குக் கீழே குறைந்தால், முதலாளிக்குக் கடிதம் அனுப்பு" என்று கட்டளையும் போடலாம். கட்டளை எழுதுவதற்கு 'டெலூஜ்' என்ற சிறு மொழி இருக்கிறது. பின்னால், செல்போனிலும் ஓடும்படி இதை வளர்த்தார்கள்.

வாடகை அச்சு

ஆனால், ஒன்று கவனிக்கவேண்டும்.

பட்டறையில் உள்ள அச்சு, பட்டறைக்காரருக்குச் சொந்தம். இந்த அச்சோ, வாடகை அச்சு! வாடகை நின்றால், வேலையும் நின்றுவிடும். கணக்கை வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால், இங்கே செய்த புரோகிராம் வேறு கம்பெனியின் அச்சில் அப்படியே ஓடாது.

ஆகவே, இதைப் பயன்படுத்துகிறவர்கள் கணக்கின் நகல் ஒன்றை அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அச்சு யாருடையதாகவும் இருக்கட்டும். கணக்கு, நம் கையில் இருக்கவேண்டும்!