தறி இல்லாத கம்பளம்!

நண்பர்களே, எங்க அருப்புக்கோட்டையில் சேலை நெய்யப் பாவு, ஊடை, தறி எல்லாம் வேணும். இது எதுவுமே இல்லாமல் ஒரு விரிப்பு செய்யலாம், தெரியுமா? அதுதான் காஷ்மீர் 'நம்தா'.

கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் செதில் மாதிரி இருக்கும். கம்பளியைப் பாயில் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி, மிதித்து உருட்டுவார்கள். செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது! நம்ம பக்கத்து வெம்பூர் ஆட்டுக்கு இருப்பது வெறும் முடிதான். அதில் இது சரியா வராது.

அலங்காரம் ஊருக்கு ஊர் வேறு. காஷ்மீரில் 'ஆரி' என்ற கொக்கி ஊசியால் பூவும் கொடியும் போடுவார்கள். நம்ம அக்காமார் ரவிக்கைக்குப் போடுகிற அதே ஆரிதான்! குஜராத்தின் கட்ச் பகுதியில் சாயம் ஏற்றிய கம்பளியையே கோலம் போல வைத்து, சேர்த்து உருட்டிவிடுவார்கள்.

நல்ல கம்பளி கிடைக்காமல், கைதேர்ந்தவர்களும் குறைந்து, 1998 முதல் 2008க்குள் நம்தா ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. 2021இல் இளைஞர்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். 2023இல் நம்தா மறுபடி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது!

கற்க ஆள் வந்ததும் தொழில் பிழைத்தது. எங்க ஊர்க் கைத்தறிக்கும் அப்படி ஆள் வரணும் என்பது என் ஆசை. நீங்க என்ன சொல்றீங்க?