கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் டிஸ்க் சிதறிவிட்டது என்று பொருளா?



ஸ்கெலட்டனில் நான் குடியிருக்கும் பக்கத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டராவது மந்தமாகிவிட்டால், அக்கம்பக்கத்தில் உடனே கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: "டீஃப்ராக் போடு." சொல்பவர் கல்லூரி மாணவராக இருப்பார், அல்லது பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போய்வருபவராக இருப்பார். இதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. 1990-களில் இது நல்ல மருந்தாகவே இருந்தது. ஆனால் அன்றைய இயந்திரத்துக்கு எழுதிய சீட்டை இன்றைய இயந்திரத்துக்கும் கொடுப்பதால் சிலருக்குப் பணம் வீணாகிறது. ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய நஷ்டமே வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பழைய வகை ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு சிறு கரம் உள்ளும் புறமும் நகர்ந்து படிக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுரங்கத்தின் கேஜை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஒரே மட்டத்தில் நிற்கும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு வருவது ஒரு வேலை. பத்து மட்டங்களில் ஆளுக்கொரு இடமாக நிற்கும் பத்துப் பேரை ஏற்றிவருவது வேறு வேலை. ஆட்கள் அதே பத்துப் பேர்தான், நேரம் மட்டும் பல மடங்கு. ஒரு கோப்பின் பகுதிகள் தட்டில் தொடர்ச்சியாக இல்லாமல் அங்கங்கே கிடப்பதைத்தான் ஃப்ராக்மென்டேஷன், அதாவது துண்டாகிச் சிதறுதல், என்கிறோம்.

ஏன் சிதறுகிறது? ரயில் முன்பதிவு செய்த அனைவருக்கும் இது அனுபவம்தான். ஆறு பேர் கொண்ட குடும்பம் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் எஸ்-3-ல் இரண்டு, எஸ்-7-ல் மூன்று, எஸ்-9-ல் ஒன்று என்று கிடைக்கும். வண்டியில் காலி இடம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் இல்லை. டிஸ்க்கிலும் அப்படியே. கோப்புகளை அழிக்க அழிக்க நடுநடுவே காலி இடங்கள் உண்டாகின்றன; புதிதாக வரும் பெரிய கோப்பு அந்த இடங்களில் பிரித்து வைக்கப்படுகிறது. டிஸ்க் நிரம்ப நிரம்ப இது அதிகமாகும். டாஸ், விண்டோஸ் 95 காலத்தில் இருந்த 'ஃபேட்' என்னும் கோப்பு முறை இந்த விஷயத்தில் சற்று அவசரக்காரர். கண்ணில் பட்ட காலி இடத்தில் எல்லாம் போட்டுவிடும்.

அதனால்தான் 1993-ல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6-இலேயே டீஃப்ராக் என்ற நிரலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் 95-இல் அது வண்ணக் கட்டங்களாக ஓடும். எங்கள் ரயில்வே அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்கு அதை ஓடவிட்டு, கட்டங்கள் நகர்வதைத் தேநீரோடு பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. முடிந்ததும் மறுநாள் வேகம் கூடியது போல் தோன்றும்; பல சமயம் உண்மையிலேயே கூடியும் இருக்கும். இந்த ஞாபகந்தான் இன்றுவரை தொடர்கிறது என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். மடிக்கணினிகளில் இருந்த ஹார்டு டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு. வேண்டிய இடம் கரத்தின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்டு ஆகும். கரம் நகர்ந்து போக 12 மில்லி செகண்டு என்று வையுங்கள். ஆக ஒரு தாவலுக்கு ஏறக்குறைய பதினேழரை மில்லி செகண்டு. நேராகப் படித்தால் செகண்டுக்கு 100 எம்.பி. படிக்கும் டிஸ்க்கில், 100 எம்.பி. கோப்பு ஒன்று ஆயிரம் துண்டாகச் சிதறியிருந்தால், ஒரு செகண்டில் முடியும் வேலை பதினெட்டு செகண்டுக்கு மேல் இழுக்கும். அதே கோப்பு பத்துத் துண்டாக இருந்தால் கூடுதல் நேரம் ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மனிதனுக்குத் தெரியாது.

ஆகவே, "30 சதவீதம் சிதறல்" என்று திரையில் வந்தால் கம்ப்யூட்டர் 30 சதவீதம் மெதுவாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. எத்தனை துண்டு, எவ்வளவு பெரிய துண்டு, அந்தக் கோப்பை நீங்கள் எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டீஃப்ராக் நிரல் 64 எம்.பி.க்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டவைக்க முயல்வதே இல்லை. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்க அரை செகண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கிடையே ஒரு தாவல் என்பது மூன்று சதவீதம்கூட ஆகாது. மேலும் விஸ்டா முதல் இந்த வேலையை விண்டோஸே வாரம் ஒருமுறை தானாகச் செய்யும்படி அமைத்துவிட்டார்கள். நாம் காசு கொடுத்துச் செய்யவேண்டிய வேலையாக அது இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

இனி எஸ்.எஸ்.டி. விஷயம். இதில் தட்டும் இல்லை, கரமும் இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். எந்த இடத்துக்குப் போகவும் ஏறக்குறைய ஒரே நேரம். அதுவும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். முன்சொன்ன ஆயிரம் துண்டுக் கணக்கை இதில் போட்டால் பதினேழு செகண்டுக்குப் பதில் ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கன்ட்ரோலர், எந்தச் சில்லு அதிகம் தேய்கிறது என்று பார்த்துத் தன் இஷ்டப்படி இடம் மாற்றி எழுதும். விண்டோஸ் "வரிசையாக வைத்துவிட்டேன்" என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே அது வரிசையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சில்லுகளை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பும் இருப்பதால், வாராவாரம் கையால் டீஃப்ராக் போடுவது பயனில்லாத தேய்மானம்.

அதற்காக எஸ்.எஸ்.டி.க்கு 'ஆப்டிமைஸ்' என்ற வேலையையே நிறுத்திவைப்பதும் தவறு. அங்கே விண்டோஸ் பெரும்பாலும் செய்வது 'டிரிம்' என்னும் வேறு காரியம். "இந்தக் கோப்புகள் அழிந்துவிட்டன, இந்த இடங்களைக் காலியாகக் கருதலாம்" என்று கன்ட்ரோலருக்குத் தகவல் சொல்கிறது. அது நடக்கட்டும். இரண்டும் ஒரே பொத்தானுக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

லினக்ஸில் சிதறலே கிடையாது என்று சில இளைஞர்கள் அடித்துப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுத்தது. அவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகளின் கையில் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸின் கோப்பு முறைகள் ஆரம்பத்திலேயே கோப்புகளை இடைவெளி விட்டு வைப்பதால் சிதறல் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டால் அதற்கும் வேறு வழி கிடையாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். பற்றியும் 1990-களில் இதேபோல் ஒரு பேச்சு இருந்தது. விண்டோஸ் 2000-இல் மைக்ரோசாஃப்டே டீஃப்ராக் நிரலைச் சேர்த்தபோது அது அடங்கியது.

டீஃப்ராக் போட்டால் டிஸ்க்கில் இடம் கூடும் என்பதும் பரவலான நம்பிக்கை. கூடாது. சிதறியிருந்த குடும்பம் ஒரே பெட்டியில் வந்து உட்கார்ந்தாலும் ஆறு பேருக்கு ஆறு இருக்கைதான். வைரஸ் போகும், பழுதான இடம் சரியாகும் என்பதற்கும் அடிப்படை இல்லை. அது கோப்புகளை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

அந்த "இடம் மாற்றுதல்" என்ற சொல்லில்தான் அபாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாளின் கணவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு சில ஆண்டுகளில் காலமானார். அவருடைய பழைய படங்களையும், சர்வீஸ் காகிதங்களையும் மகன் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைத்திருந்தான். மூலக் காகிதங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மடிக்கணினி மெதுவானது; கூடவே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். "சார், டீஃப்ராக் போட்டா சரியாப் பூடும்னு கடையில சொல்றாங்க" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னபோது, அது ஏற்கெனவே கடையில் இரவு முழுக்க ஓடி முடிந்திருந்தது. காலையில் டிஸ்க் எழும்பவில்லை.

அந்த 'டிக், டிக்' சத்தம் சிதறலின் அடையாளம் அல்ல. கரம் படிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயல்வதன் அடையாளம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் படித்து எழுதச் சொல்வது, பிரேக் போன வண்டியைச் சரிவில் விடுவதற்குச் சமம். இத்தகைய நிலையில் செய்யவேண்டியது ஒன்றுதான்: முக்கியமான கோப்புகளை உடனே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. அதுவும் முதலில் எது போனால் திரும்ப வராதோ அதை. சினிமாவும் பாட்டும் பிறகு. அதேபோல், தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டால் அந்த டிஸ்க்கில் டீஃப்ராக் ஓடவே கூடாது. அழிந்த கோப்பின் தடம் காலி இடத்தில்தான் கிடக்கும். அதன்மேல் வேறு கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் மீட்பு நிரல் எதுவும் உதவாது.

அப்படியானால் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? நான் பார்த்தவரையில் முதல் குற்றவாளி ரேம் பற்றாக்குறை. 2 ஜி.பி., 4 ஜி.பி. உள்ள இயந்திரத்தில் இன்றைய பிரவுசர் ஒன்றில் பத்துப் பக்கம் திறந்தாலே ரேம் தீர்ந்துவிடும். மீதியை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் விளக்கு ஓயாமல் எரியும். இதற்கு டீஃப்ராக் மருந்தல்ல. தொடக்கத்திலேயே தானாக ஓடும் தேவையற்ற நிரல்களை நிறுத்துவதும், ரேம் கூட்டுவதும்தான் மருந்து.

அடுத்தது வெப்பம். நம் ஊருக்கே உரிய காரணம் இது. சயனைடு மேட்டிலிருந்து காற்றுக் காலத்தில் பறக்கும் தூசியை வீட்டுப் பெண்கள் அறிவார்கள்; காலையில் துடைத்த மேசை மாலையில் வெளுத்திருக்கும். அந்த மென்தூசி விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் படிந்து காற்றோட்டத்தை அடைக்கிறது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் திணறும் மடிக்கணினிக்கு முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். சுத்தம் செய்தபின் வேகம் வந்ததைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

"உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் பிழைகள்" என்று பயமுறுத்தும் சுத்திகரிப்பு நிரல்களை வாங்கவேண்டாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. கைபேசிக்கும் டீஃப்ராக் என்று ஒன்று தேவையில்லை, அதிலிருப்பதும் சில்லுதான். கைபேசி மந்தமானால் இடம் முழுக்க நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அறிய, விண்டோஸ் 8 முதல் உள்ள கணினிகளில் தேடும் இடத்தில் 'டீஃப்ராக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒரு பட்டியல் திறக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே சாலிட் ஸ்டேட் அல்லது ஹார்டு டிஸ்க் என்று எழுதியிருக்கும். ஹார்டு டிஸ்க் என்றிருந்து, கம்ப்யூட்டரை மாற்ற வசதியில்லை என்றால், டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடுவது செலவுக்கு நல்ல பலன் தரும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நான்கைந்து திருகாணிகளைக் கழற்றினால் போதும். போடுபவரிடம், பழைய டிஸ்க்கைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாப் படங்களும் காகிதங்களும் புதியதில் வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்து, ஆறு மாதமாவது அதை அலமாரியில் வைத்திருங்கள்.