சொட்டுநீர்க் குழாய்: கறுப்பாக இருந்தால் போதுமா?

சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பக்கக் குழாய் வாங்கும் விவசாயிகள் பலர், கையால் அழுத்திப் பார்த்து, விலையைக் கேட்டு வாங்கிவிடுகின்றனர். மட்டமான குழாயும் புதிதில் நல்ல குழாயைப் போலவே இருக்கும். சில கோடை வெயில் பட்ட பிறகுதான், மடக்கினால் வெடிக்கும்.

பாலிதீன் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் இச்சங்கிலிகளைச் சிதைக்கும். இதைத் தடுக்கவே நுண்ணிய கரித்தூள் சேர்க்கின்றனர். எடையில் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் மிகக் குறைவாகச் சேர்த்தாலும் குழாய் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே நிறத்தை நம்பிப் பயனில்லை.

ஆய்வுக்கூடத்தில் குழாயின் சிறு துண்டை எடைபோட்டு, காற்று படாமல் நைட்ரஜன் வாயுவில் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவர். பாலிதீன் சிதைந்து ஆவியாகிப் போகும், கரி தங்கும். அதை எடைபோட்ட பின் காற்றை உள்ளே விட்டால் கரியும் எரிந்துவிடும். அதற்குப் பிறகும் சாம்பல் நிறைய மிஞ்சினால், சுண்ணாம்புத் தூள் போன்ற ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

கரி சரியான அளவில் இருந்தால் மட்டும் போதாது. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அது கட்டி கட்டியாக நிற்கக்கூடாது. தொழு உரத்தைக் குவியலாகக் கொட்டிவிட்டு இறைக்காமல் விட்டது போலத்தான் அது!

மற்றொரு சோதனையில், பாலிதீனை 190 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தி, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று அளப்பர். பழைய பிளாஸ்டிக்கைத் திரும்பத் திரும்ப உருக்கிச் செய்த குழாயில் இந்த அளவு புதுப்பொருளுக்குரியதிலிருந்து விலகிவிடும்.

வீட்டில் வாளித் தண்ணீர் போதும். பாலிதீன் தண்ணீரைவிட இலேசானது. காற்றுக் குமிழி இல்லாமல் துண்டை அமுக்கி விடுங்கள்; மூழ்கினால் வாங்க வேண்டாம். மிதப்பதாலேயே நல்ல குழாய் என்றும் கொள்ளக்கூடாது. பழைய பாலிதீனும் மிதக்கும். கொளுத்திப் பார்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. துண்டு பி.வி.சி.யாக இருந்தால் அமிலப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

சாதாரணப் பக்கக் குழாயில் ஐ.எஸ். 12786, சொட்டுவான் உள்ளமைந்த குழாயில் ஐ.எஸ். 13488 என்ற தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். தயாரிப்புத் தொகுதி எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு சுருளிலும் ஓரடித் துண்டு வெட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தகராறு வந்தால், சென்னை கிண்டியில் 1968இல் தொடங்கப்பட்ட சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் சோதனை நிலையத்துக்கு அனுப்ப அந்தத் துண்டு வேண்டும்.