உங்களுக்குத் தெரியுமா? எட்டுக்கால் ஐசி எட்டும் தூரம்

ஆலைக்குள் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி மோட்டார் டிரைவுக்குக் கட்டளை அனுப்புகிறது. மின்மீட்டர் கட்டுப்பாட்டு அறைக்குக் கணக்கு ஒப்பிக்கிறது. எல்லாம் கம்பி வழிதான். அந்தக் கம்பியின் ஒவ்வொரு முனையிலும் அனுப்பவும் வாங்கவும் ஒரு டிரான்ஸீவர் ஐசி இருக்கும். வாங்கும்போது யாரும் பெரிதாக யோசிக்காத பொருள் இது. யோசிப்பவர்களும் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம்?" என்றுதான். பாதி வம்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நாற்பது வயது தாண்டியும்

இப்படிப்பட்ட கம்பிப் பேச்சுக்கான ஆர்எஸ்-485 தரநிலை வெளிவந்தது 1983-ல். அந்தக் காலத்து 75176 ஐசியின் எட்டுக் கால் வரிசை இன்றும் மாறவில்லை. 5-ம் கால் கிரவுண்ட், 6-ம் 7-ம் கால்கள் ஏ, பி கம்பிகள், 8-ம் கால் மின்சாரம். எந்தக் கம்பெனியின் புது ஐசியை வாங்கினாலும் பெரும்பாலும் பழைய சாக்கெட்டில் அப்படியே உட்காரும். அந்தக் கம்பியில் இன்று அதிகம் ஓடும் மோட்பஸ் என்ற பேச்சுமுறை இதைவிட மூத்தது. மோடிகான் நிறுவனம் அதைத் தந்தது 1979-ல்.

மெதுவான ஐசியே மேல்

10 மெகாபிட் ஐசியும் 250 கிலோபிட் ஐசியும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. உங்கள் மீட்டர் ஓடுவதோ 9600 பிட்டில். எதை வாங்குவீர்கள்? "வேகமானதை வாங்கிவைத்தால் பின்னால் உதவும்" என்பவரே அதிகம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

நீங்கள் என்ன வேகத்தில் அனுப்பினாலும் வேகமான ஐசியின் அலைமுனை செங்குத்தாகத்தான் ஏறும். சுமார் 10 நானோ நொடியில் பூஜ்யத்திலிருந்து உச்சம். கம்பியில் சிக்னல் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோ நொடி ஆகிறது. முதன்மைக் கம்பியிலிருந்து கருவிக்குப் பிரியும் கிளைக் கம்பி ஒன்றைக் கடக்க ஆகும் நேரம் அலைமுனை ஏறும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கைக்கணக்கு. அப்படியானால் 10 நானோ நொடி ஐசிக்குக் கிளை 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பேனலுக்குள் டெர்மினல் பிளாக்கிலிருந்து கருவி வரை இழுக்கவே அது போதாது. வேண்டுமென்றே மெதுவாக ஏறும்படி செய்த 250 கிலோபிட் ஐசியில் அலைமுனை 500 நானோ நொடி எடுத்துக்கொண்டால், அதே கணக்கில் கிளை 10 மீட்டர் வரை தாங்கும். மின்காந்தக் குறுக்கீடும் குறையும். தேவைக்குச் சற்று மேலான வேகம், அவ்வளவே வாங்குங்கள்.

தூரத்துக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. வேகத்தையும் நீளத்தையும் பெருக்கினால் பத்துக் கோடியைத் தாண்டக்கூடாது. 100 கிலோபிட்டில் 1000 மீட்டர், 1 மெகாபிட்டில் 100 மீட்டர். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் 1200 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

மல்டிமீட்டர் சொல்லும் சேதி

வரிசையின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை. இரண்டே இரண்டுதான், நடுவில் கிடையாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க அலைக்காட்டி வேண்டாம். எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு கோடியில் மின்தடை இல்லை, அல்லது நடுவில் கம்பி அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ நடுவிலிருக்கும் கருவியிலும் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். பின்னால் வரப்போகும் கேன் என்ற முறையின் கம்பிக்கும் இதே சோதனைதான்.

ஏ எது, பி எது?

தரநிலை ஒரு மாதிரி பெயர் வைத்தது. ஐசி தயாரித்தவர்களில் பலர் அதைத் தலைகீழாக வைத்தார்கள். புரொஃபிபஸ் என்ற ஆலை வலைமுறைக்காரர்கள் சிவப்புக் கம்பியை பி என்று வைத்து அதையே பிளஸ் ஆக்கினார்கள். ஆகவே ஏ-வை ஏ-வோடும் பி-யை பி-யோடும் சேர்த்தும் பேச்சு வராவிட்டால் கம்பியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். அனுபவமுள்ள எந்தச் சர்வீஸ் ஆளும் முதலில் செய்வது அதைத்தான். கம்பி முறையை மாற்றினாலும் ஐசி கெடாது. சில புது ஐசிகள் தலைகீழ் இணைப்பைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும்.

யாரும் பேசாத நேரம்

இரு கம்பிக்கும் நடுவே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 1. மைனஸ் 200-க்குக் கீழே போனால் 0. இடையில்? தரநிலை வாய் திறக்கவில்லை. எல்லாக் கருவியும் மௌனமாக இருக்கும்போது 120 ஓம் மின்தடைகள் இரு கம்பிகளையும் சமமாக்கி, வித்தியாசத்தைப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிடும். பழைய ஐசி அந்த நேரத்தில் இல்லாத எழுத்துகளைப் படிக்கும். புது ஐசிகளில் முடிவெடுக்கும் எல்லையை மைனஸ் 50 மில்லிவோல்ட் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். பூஜ்யம் வந்தால் அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். டேட்டாஷீட்டில் 'ஃபெயில்சேஃப்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் தனியாக மின்தடை கட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

இரண்டு கம்பி என்பது மூன்று கம்பி

"ஆர்எஸ்-485-க்கு இரண்டு கம்பி போதும் சார்." இதைக் கேட்காத பேனல் கடை இல்லை. வித்தியாசத்தைத்தான் படிக்கிறது, கிரவுண்ட் எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த இரு கம்பிகளும் ஐசியின் சொந்தக் கிரவுண்டிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலை எல்லை கட்டியிருக்கிறது. ஒரே பேனலுக்குள் பிரச்சினை வராது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இழுத்தால் கதை வேறு. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போதோ, பக்கத்தில் இடி விழும்போதோ இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அறுந்த கம்பி எதுவுமில்லாமல் ஐசி மட்டும் செத்துக்கிடந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து, தனிமைப்படுத்திய டிரான்ஸீவர். ஐசிக்குள்ளேயே ஒரு தடுப்பு இருக்கும். ஒளி வழியாகவோ, நுண்ணிய சுருள் வழியாகவோ, சிலிக்கான் டை ஆக்சைடு மின்தேக்கி வழியாகவோ செய்தி தாண்டும், மின்னோட்டம் தாண்டாது. 2500 வோல்ட், 5000 வோல்ட் தாங்கும் வகைகள் உண்டு. கம்பிப் பக்கத்துக்குத் தனி மின்சாரம் வேண்டும். அதையும் உள்ளேயே உற்பத்தி செய்துகொள்ளும் ஐசிகள் வந்துவிட்டன. விலை பல மடங்கு. கட்டடம் விட்டுக் கட்டடம் போகிறதென்றால் அந்தக் காசைப் பார்க்கக்கூடாது. அப்போதும் கிரவுண்டுக்கான மூன்றாவது கம்பியை விட்டுவிடாதீர்கள். தனிமைப்படுத்திய பக்கத்துக்கும் ஒரு பொது ஆதாரம் வேண்டும்.

இதே பேனலில் இன்னொரு எமனும் உண்டு. டேட்டா கம்பிக்குப் பக்கத்து டெர்மினலில் 24 வோல்ட் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் சாதாரண ஐசி போச்சு. ±60, ±70 வோல்ட் வரை தாங்கும் டிரான்ஸீவர்கள் இதற்காகவே வருகின்றன.

15 கிலோவோல்ட்டிலும் இரண்டு வகை

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் "15 கிலோவோல்ட் நிலைமின் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தச் சோதனைப்படி? மனித உடல் மாதிரி எனப்படும் சோதனையில் 8 கிலோவோல்ட்டுக்குப் பாயும் உச்ச மின்னோட்டம் சுமார் 5 ஆம்பியர். ஐஇசி 61000-4-2 சோதனையில் அதே 8 கிலோவோல்ட்டுக்கு 30 ஆம்பியர். முதலாவது, ஐசி தொழிற்சாலைக்குள் கைமாறும்போது பிழைக்குமா என்று பார்ப்பது. பேனல் கதவைத் திறந்து ஒருவர் விரல் வைக்கும்போது நடப்பது இரண்டாவது. கொட்டை எழுத்தை விட்டுவிட்டு அடிக்குறிப்பைப் படியுங்கள்.

256 பேர் வரலாம், முகவரி 247

ஒரு வரிசையில் 32 கருவிகள் என்பது பழைய கணக்கு. எட்டில் ஒரு பங்கு சுமை மட்டும் தரும் ஐசிகள் வந்தபின் 256 வரை போடலாம். ஆனால் மோட்பஸில் கருவிகளுக்கு 247 முகவரிகள்தான். அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் முதல் கருவியின் கணக்கு பழசாகிவிடும் என்பது தனி விஷயம்.

வாயை மூடும் நேரம்

ஒரே ஜோடிக் கம்பியில் அனுப்புவதும் வாங்குவதும் என்றால், பேசி முடித்ததும் அனுப்பும் காலை அணைக்க வேண்டும். புரோகிராம் எழுதுபவர்கள் வழக்கமாக வழுக்குவது இங்கே. 'பஃபர் காலி' என்று மைக்ரோகன்ட்ரோலர் சொல்லும்போது கடைசி எழுத்து இன்னும் கம்பியில் போய்க்கொண்டுதான் இருக்கும். 'அனுப்பி முடிந்தது' என்பது வேறு அறிவிப்பு. முந்திக்கொண்டு அணைத்தால் கடைசி எழுத்து அறுபடும். மோட்பஸில் கடைசி இரண்டு பைட்டும் பிழைச் சரிபார்ப்பு என்பதால் மொத்தச் செய்தியும் குப்பைக்குப் போகும். தாமதமாக அணைத்தாலோ எதிராளியின் பதில்மேல் ஏறி மிதிப்பீர்கள். திசையைத் தானே மாற்றிக்கொள்ளும் டிரான்ஸீவர்கள் இந்தத் தொல்லைக்காகவே வந்தவை.

காரிலிருந்து தறிக்கு

கேன் என்பது பாஷ் நிறுவனம் கார்களுக்காகச் செய்து 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்தியது. ஆனால் ஆலைகள் காத்திருக்கவில்லை. பின்லாந்தின் கோனே லிஃப்ட் நிறுவனம் ஆரம்பத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டது. டோர்னியர், சுல்சர் போன்ற தறி இயந்திரக்காரர்களும் 1990 வாக்கிலேயே அதில் இறங்கிவிட்டார்கள்.

ஆர்எஸ்-485-ல் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு ஐசிகளும் மல்லுக்கட்டிச் சூடாகும். கேனில் மல்லுக்கட்டு கிடையாது. சிறிய அடையாள எண் உள்ள செய்தி ஜெயிக்கும், மற்றவர் தானாக விலகிக்கொள்வார். இந்த வசதிக்கு விலை உண்டு. அதைத் தூரத்தில் கொடுக்கிறோம். 1 மெகாபிட்டில் ஒரு பிட்டின் நேரம் 1000 நானோ நொடி. அதற்குள் ஒரு கோடியின் குரல் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து எதிர்க்குரல் திரும்ப வேண்டும். 40 மீட்டர் கம்பியில் போக வர 400 நானோ நொடி. டிரான்ஸீவர் ஒன்றின் தாமதம் தரநிலைப்படி 255 வரை போகலாம். இரண்டு முனைக்கும் 510. மொத்தம் 910. கம்பியை இன்னும் நீட்ட இடமே இல்லை. தனிமைப்படுத்தும் தடுப்பை நடுவில் செருகினால் அதன் தாமதமும் சேர்ந்து 40 மீட்டர் என்ற கணக்கே அடிபடும். ஆகவே கேனுக்கு டிரான்ஸீவர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இந்தத் தாமதம். 125 கிலோபிட்டுக்கு இறங்கினால் 500 மீட்டர் வரை நிம்மதி.

ரொம்பவும் இறங்கிவிடவும் முடியாது. ஒரு கருவி மண்டை குழம்பிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றவர் பேச முடியாதே என்று, சில மில்லி நொடிக்குமேல் பிடித்தால் தானே கைவிடும் காவலை டிரான்ஸீவருக்குள் வைத்திருக்கிறார்கள். 5 கிலோபிட்டில் ஓட்ட நினைத்தால் ஒழுங்கான செய்தியையே அந்தக் காவல் வெட்டிவிடக்கூடும்.

மேடையிலும் அதே கம்பி

கச்சேரி மேடையில் விளக்கின் நிறத்தை மாற்றும் டிஎம்எக்ஸ்-512 முறையிலும் இருப்பது ஆர்எஸ்-485 டிரான்ஸீவர்தான். 1986-ல் வந்தது. வேகம் 250 கிலோபிட். விளக்குகள் காரணமில்லாமல் மினுக்கினால் கடைசி விளக்கில் 120 ஓம் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைபேசி மோடத்தின் வாரிசு

ரசாயன ஆலைகளில் அளவீட்டைக் கொண்டுபோகும் 4–20 மில்லிஆம்பியர் கம்பியின்மேலேயே ஹார்ட் என்ற முறை சவாரி செய்கிறது. 1-க்கு 1200 ஹெர்ட்ஸ், 0-க்கு 2200 ஹெர்ட்ஸ். பழைய பெல் 202 மோடத்தின் அதே சுருதிகள். வேகம் நொடிக்கு 1200 பிட்தான். ஏற்ற இறக்கத்தின் சராசரி பூஜ்யம் என்பதால் அடியில் ஓடும் அளவு கெடாது.

ஒரே ஜோடியில் ஈத்தர்நெட்

வழக்கமான ஈத்தர்நெட் 100 மீட்டரில் நின்றுவிடும். 2019-ல் ஒப்புதல் பெற்ற 10பேஸ்-டி1எல் ஒரே ஜோடிக் கம்பியில் 10 மெகாபிட்டை 1000 மீட்டர் கொண்டுபோகிறது, இரு பக்கமும் ஒரே நேரத்தில். மேலே சொன்ன கைக்கணக்கில் ஆர்எஸ்-485 அதே வேகத்தில் 10 மீட்டர்தான் போகும். 10பேஸ்-டி1எல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடிவதற்கு, தன் குரலின் எதிரொலியைக் கழித்துவிட்டு எதிராளியை மட்டும் கேட்கும் கணக்கு அதன் ஐசிக்குள்ளேயே ஓடுவதுதான் காரணம். வெடிக்கும் வாயு சூழ்ந்த இடங்களுக்கு இதன்மேல் கட்டிய ஈத்தர்நெட்-ஏபிஎல் 2021-ல் வெளியானது. மின்சாரமும் அதே ஜோடியில் போகும். புதிதாக ஆலை கட்டுபவர்கள் இதைப் பார்க்காமல் கேபிள் ஆர்டர் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே ஓடும் இருபது மின்மீட்டர்களை 9600 பிட்டில் படிக்க வேண்டியவருக்கு, ஃபெயில்சேஃப் உள்ள 250 கிலோபிட் எட்டுக்கால் ஐசியே தாராளம்.