ஓடையை விட்டு அகலாத ஊசித்தட்டான்

இளமையில் தட்டான் பிடிக்க ஓடியிராத தமிழர் மிகச் சிலரே. வேலிக் குச்சியின் நுனியில் அது அமர்ந்திருக்கும். ஓசையின்றிப் பின்புறமாகச் சென்று வாலைப் பற்ற முயல்வோம். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய பின்னரும் தட்டான் நமக்குப் புதியதன்று. தில்லியிலும் மும்பையிலும் அதனைக் காண்கிறோம். கடல் கடந்து அந்தமான் தீவுகளுக்குச் சென்றாலும் காண்கிறோம். எனினும், அத்தீவுகளின் காட்டோடைகளில் மட்டுமே வாழ்ந்து, உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு வகையும் உண்டு. அதனை அடையாளம் காணும் முறையையும் அதன் வாழ்க்கையையும் இங்கே சற்று ஆராய்வோம்.

தட்டான்களில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. உடல் பருத்து, அமரும்போதும் இறக்கைகளை விரித்தே வைத்திருப்பது தட்டான். உடல் மெலிந்து, பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் மடித்து வைத்திருப்பது ஊசித்தட்டான். தட்டானின் பெரிய கண்கள் பெரும்பாலும் தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானின் கண்களோ தலையின் இரு புறத்திலும் விலகி நிற்கும். உலகில் இவ்விரு பிரிவிலுமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அறிஞர் கண்டுள்ளனர்.

நாம் குறிப்பிட்ட அந்தமான் பூச்சி ஊசித்தட்டான் பிரிவைச் சார்ந்தது. அறிவியலார் அதற்கு லிபெல்லாகோ அந்தமானென்சிஸ் எனப் பெயரிட்டுள்ளனர். இந்தியப் படை மருத்துவத் துறையில் பணியாற்றிய ஃபிரேசர் என்னும் ஆங்கிலேயர் 1924ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு விவரித்தார். இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெருநூலின் ஆசிரியரும் அவரே. நிக்கோபார்த் தொகுதியின் தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபார்த் தீவில் இதன் நெருங்கிய உறவான இனம் ஒன்று வாழ்கிறது. பின்லாந்து நாட்டு அறிஞர் ஹாமாலாய்னென் 2002ஆம் ஆண்டில் அதற்கு லிபெல்லாகோ பாலஸ் எனப் பெயர் சூட்டினார்.

இவ்வினத்தை அறிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் போதும். முதலாவது, உடலின் அளவு. குளத்தோரத்திலும் வயல் வரப்பிலும் நாம் காணும் ஊசித்தட்டானின் வால் இறக்கையைத் தாண்டி நீண்டிருக்கும். இதற்கோ வால் குட்டையானது. மடித்த இறக்கை அதனைக் கடந்து நீண்டு நிற்கும். இரண்டாவது, முகம். மூக்கு முளைத்ததுபோல் முகத்தின் முன்பகுதி புடைத்திருக்கும். மூன்றாவது, இருப்பிடம். தேங்கிய நீரை இது நாடுவதில்லை. மர நிழலில் தெளிந்து ஓடும் ஓடையே இதன் இல்லம். தென்னிந்திய ஆறுகளின் கரையிலும் இதே குடும்பத்தின் வேறோர் இனம் உண்டு. ஆகவே, இம்முகமும் குட்டை வாலும் கூர்ந்து நோக்குவோருக்கு முற்றிலும் அயலானவை அல்ல.

இனி இதன் வாழ்க்கையைக் காண்போம். ஓடையில் விழுந்து பாதி மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையே இக்குடும்பத்தின் உலகம். வெயில் சற்றே விழும் இடத்தில் அத்தகைய கட்டையொன்றை ஆண் தனக்கென வரித்துக்கொண்டு காவல் நிற்கும். வேறோர் ஆண் நெருங்கினால் இரண்டும் காற்றில் எதிரெதிரே மிதந்து நின்று ஒன்றையொன்று மிரட்டும். ஊறி மென்மையான கட்டையைத் துளைத்து அதனுள்ளே பெண் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி நீருக்கடியில் வேர்களுக்கும் சருகுகளுக்கும் இடையே பதுங்கி, சிறு நீர்ப்பூச்சிகளை உண்டு வளரும். பிற ஊசித்தட்டான்களின் இளம்பூச்சிக்கு வாலின் முனையில் இலை போன்ற மூன்று செவுள்கள் உண்டு. இதற்கோ முள் போன்ற இரண்டு உறுப்புகளே நீண்டிருக்கும். வளர்ச்சி முற்றியபின் நீரை விட்டு வெளியேறித் தோலை உரித்து இறக்கை பெறும்.

கடல் கடக்கும் தட்டான்களும் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் பொன்னிறத் தட்டான் ஒன்று இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியே இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்கிறது என்று 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். நம் ஊசித்தட்டானின் இயல்போ இதற்கு நேர்மாறானது. தான் பிறந்த ஓடைக்கரையை விட்டு அது தொலைவு செல்வதில்லை. நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்குக் கடல் சூழ்ந்த தீவுகளில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தமையாலேயே அது தனி இனமாயிற்று. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த நமக்கு, ஓரிடம் பொய்த்தால் மற்றோரிடம் உண்டு. அதற்கு அவ்வாறு இல்லை. ஓடை அழிந்தால் அவ்விடத்தில் அதன் குலமும் அழியும்.

ஓடைகள் பல வகையிலும் கெடக்கூடும். கரையிலுள்ள மரங்களை வெட்டினால் நிழல் போகும், நீர் வெப்பமடையும். மண் சரிந்தால் தெளிந்த நீர் கலங்கும். துப்புரவு என்று கருதி நீரில் கிடக்கும் கட்டைகளை அகற்றினால் முட்டையிட இடம் இராது. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட காடு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். அத்தீவை மட்டுமே வீடாகக் கொண்ட சிற்றுயிர்களையும் அங்குள்ள ஓடைகளையும் கணக்கில் கொள்ளாத வளர்ச்சி நிறைவானதாகாது.

இது பூச்சிக்காக மட்டும் சொல்லும் சொல்லன்று. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரில் தமிழர் பலர் வாழ்கின்றனர். அந்நகரின் குடிநீருக்குத் தனிக்காரி அணையே முதன்மையான ஆதாரம். காட்டு நீரோட்டங்களே அவ்வணையை நிரப்புகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவாயினும், சனவரி முதல் ஏப்ரல் வரை நீருக்குத் தட்டுப்பாடு நேர்வதை அங்கு வாழ்வோர் நன்கறிவர். காடு காத்து வைத்து மெல்லக் கசியவிடும் நீரே அம்மாதங்களில் ஓடையையும் நம்மையும் வாழவைக்கிறது.

ஆகவே, விடுமுறை நாளொன்றில் காட்டோடைக்குச் செல்வோர் சிறிது நேரம் அசையாது அமர்ந்து நோக்குக. நீரிலிருந்து தலைநீட்டும் கட்டையின் நுனியில் குட்டை வாலும் புடைத்த முகமும் உடைய சிறு பூச்சி ஒன்று வந்து அமரக்கூடும். உடன்வரும் குழந்தைகளுக்கு அதனைக் காட்டுக, பிடிக்க வேண்டா. அந்தக் கட்டையையும் அது கிடக்கும் இடத்திலேயே விட்டு வருக.