கார்பெட்டைத் திருப்பிப் பாருங்க: ஒரு எச்எஸ் கோடு எப்படி முடிவாகுது

இந்த எபிசோட்ல கோடிங்கும் இருக்கு, கஸ்டம்ஸும் இருக்கு. நான் எழுதின ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தப்பாப் போன கதை.

என் மாமா பையன் துருக்கியிலிருந்து கார்பெட் வரவழைத்து விற்கிறான். அங்கே காசியான்டெப் நகரம் மெஷின் கார்பெட்டுக்குப் பேர் போனது. இன்வாய்ஸ் வந்ததும் ஒவ்வொண்ணுக்கும் எச்எஸ் கோடு போடணும். "நீ இன்ஜினியர்தானே, இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுடா"ன்னான். 'பாலிப்ராப்பிலீன் கார்பெட்'னு இருந்தா 5703ன்னு போடு. என் லாஜிக் அவ்வளவுதான்.

முதல் சரக்கு அப்படியே போயிருச்சு. ரெண்டாவது சரக்குக்கு கஸ்டம்ஸ் புரோக்கர் சாம்பிள் கேட்டார். லேபிளைப் படிக்கவே இல்லை. திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தார். "தம்பி, இது நெய்தது. 5702ல வரணும்"னார்.

எச்எஸ் என்பது உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கிற பட்டியல். 1988லிருந்து நடைமுறையில் இருக்கு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா எட்டு இலக்கம் வரை போகுது. கார்பெட்டுக்கு 57வது அத்தியாயம். அது முதல்ல கேட்கிறது 'எதில் செஞ்சது?' இல்லை, 'எப்படிச் செஞ்சது?'

முடிச்சுப் போட்டது 5701. நெய்தது 5702. டஃப்டட் என்றால் 5703. ஃபெல்ட் 5704. மிச்சம் எல்லாம் 5705. நம்ம பவானி ஜமுக்காளம் மாதிரி நெய்ததும் 5702தான். அதுக்குள்ளே போனா, மேலே நூல் எழும்பி நிற்குதா, அதாவது பைல் இருக்கா, விளிம்பு முடிச்சுத் தயாரான பொருளா என்ற கேள்விகள். நூல் என்ன ரகம் என்பது அப்புறம்தான். மாமா பையனோடது நெய்தது, பைல் உண்டு, தயாரான பொருள், செயற்கை நூல்: 5702.42. கடைசிக் கேள்வியை நான் முதல் கேள்வியா வச்சிருந்தேன். அதுதான் பக்.

டஃப்டட்ல, ஏற்கெனவே இருக்கிற ஒரு துணியில் ஊசியால நூலைக் குத்தி நுழைப்பாங்க. நூல் கழலாம இருக்கப் பின்னாடி பசை தடவி, பெரும்பாலும் இன்னொரு துணியையும் ஒட்டுவாங்க. நெய்ததுல பெரும்பாலும் முன்பக்க டிசைன் முதுகிலும் தெரியும். சில நேரம் நெய்ததுக்கும் பின்துணி ஒட்டுவாங்க. அப்போ கண்ணை நம்பாம, தயாரிப்பாளர்கிட்ட டெக்னிக்கல் ஷீட் கேட்டு வாங்கணும்.

57க்குள்ளே நுழையறதுக்கே ஒரு நிபந்தனை இருக்கு: கால் படுற மேல்பரப்பு ஜவுளியா இருக்கணும். மேலே வினைல், அடியில் துணி என்றால் அது பிளாஸ்டிக் தரைவிரிப்பு, 3918. பிளாஸ்டிக் பட்டையில் நெய்த பாய்க்கு ஒரு ஸ்கேல் போதும். பட்டையோட அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினா அது ஜவுளியே இல்லை, பாய் முடைகிற பொருள்களோட 46வது அத்தியாயத்துக்குப் போயிரும்.

எங்கே போடுறோம் என்பதும் ஏமாற்றும். கார்ல விரிக்கிற ஜவுளி மேட் கார் உதிரிபாகமா, கார்பெட்டா? ஒரு கலால் வரி வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2020ல கார்பெட் அத்தியாயம்தான்னு தீர்ப்பாச்சு.

இதெல்லாம் எதுக்குன்னா, 2011லிருந்து இந்தியாவில் இறக்குமதியாளரே தன் வரியைக் கணக்கிட்டு அறிவிக்கணும். எண் தப்பானா பொறுப்பு அவர் தலையில். வரி குறைஞ்சிருந்தா வட்டியும் சேரும். வேணும்னே மறைச்சதா முடிவானா அஞ்சு வருஷம் வரை பின்னோக்கிக் கேட்க முடியும். "ஸ்கிரிப்ட் போட்டுச்சு சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் சரக்கோட பில்லைத் திருத்தச் சொல்லி நாங்களே எழுதிக் குடுத்தோம். சுங்கச் சட்டம் 149வது பிரிவு அதுக்கு இடம் தருது. ஆனா சரக்கு வெளியே வந்த பிறகு திருத்தணும்னா, அப்பவே இருந்த ஆவணம் கையில் வேணும். நல்லவேளை, டெக்னிக்கல் ஷீட் பழைய மெயில்ல இருந்தது. நிஜமாவே குழப்பமான பொருள்னா, இறக்குமதிக்கு முன்னாடியே டெல்லியிலோ மும்பையிலோ இருக்கிற முன்தீர்ப்பு ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்போ என் ஸ்கிரிப்ட் எண்ணை ஊகிக்கிறதில்லை. 'எப்படிச் செஞ்சது' என்ற கட்டம் காலியா இருந்தா அங்கேயே நின்னுரும். மாமா பையன் திட்டுவான், பரவாயில்லை. உங்க வீட்டு கார்பெட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.